மடத்தில் சேர்ந்த மகளை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா?

மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்து சில வாரமோ, இரண்டு மூன்று மாதமோ ஆகியிருக்கும். "வந்து பார்க்கலாம்" என்று மடத்திலிருந்து தகவல் வந்திருக்கும். அந்தச் சந்திப்பு நிம்மதியாக முடியுமா, மனக்கசப்பில் முடியுமா என்பது பெரும்பாலும் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தீர்மானமாகிவிடும். நாளைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதாலும், ஆளை அதிகமாகக் கூட்டிப் போவதாலும் வரும் சங்கடங்கள்தான் அதிகம். பாசக் குறைவால் யாரும் சொதப்புவதில்லை. எந்த வகை மடம், மகள் இப்போது எந்த நிலையில் இருக்கிறாள் என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

எந்த வகை மடம்?

பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று வெளியே வேலை செய்யும் சபைகள் ஒரு வகை. சிங்கப்பூரில் நமக்குப் பழக்கமானவை இவைதான்: 1854இல் வந்த குழந்தை இயேசு சகோதரிகள், 1894இல் வந்த கனோசியன் சகோதரிகள், மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையை 1961இல் திறந்த ஃபிரான்சிஸ்கன் சகோதரிகள் போன்றோர். இந்த மடங்களில் சந்திப்பு சாதாரண வரவேற்பறையில் நடக்கும். மகள் பக்கத்தில் உட்காருவாள், தோட்டத்தில் கூட நடக்கலாம், சில வீடுகளில் சேர்ந்து தேநீரும் குடிக்கலாம்.

மற்றொரு வகை அடைபட்ட மடம், அதாவது சகோதரிகள் வெளியே வேலைக்குப் போகாமல் உள்ளேயே ஜெபத்தில் வாழும் மடம். இங்கே கார்மெல் மடம் அந்த வகை. அங்கே பெற்றோரே ஆனாலும் உள்கட்டுக்குள் போக முடியாது. சந்திப்பு பார்லர் என்ற பார்வையாளர் அறையில், பெரும்பாலும் நடுவே ஒரு கம்பித் தடுப்போ குட்டைச் சுவரோ இருக்க, அதன் இரு பக்கமும் நாற்காலி போட்டு நடக்கும். முன்கூட்டியே தெரியாமல் போகும் அம்மாக்கள் கம்பியைப் பார்த்ததும் சிறைச்சாலை என்று நினைத்து உடைந்துபோகிறார்கள். அந்தத் தடுப்பு மகளுக்காகத் தனியாகப் போட்டது இல்லை. எண்பது வயது மூத்த சகோதரியும் அதே கம்பிக்குப் பின்னால்தான் தன் தம்பியைப் பார்க்கிறார். பாட்டியையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போவதாக இருந்தால் இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

மகள் எந்த நிலையில் இருக்கிறாள்?

முதலில் கேண்டிடேட் அல்லது ஆஸ்பிரன்ட் (சேர விரும்பி வந்தவர்), அடுத்து போஸ்டுலன்ட் (ஆயத்த நிலையில் இருப்பவர்), பிறகு நவதுறவி (நவதுறவு என்ற முறையான துறவுப் பயிற்சியில் இருப்பவர்), அதன்பின் முதல் வார்த்தைப்பாடு (குறிப்பிட்ட காலத்துக்கான துறவு வாக்கு), கடைசியாக நித்திய வார்த்தைப்பாடு (வாழ்நாள் முழுமைக்குமான வாக்கு). இதுதான் வரிசை. உறவினர்கள் "அவள் சிஸ்டர் ஆகிவிட்டாளே" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆனால் முதல் வார்த்தைப்பாடு வரை அவள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. போஸ்டுலன்டோ நவதுறவியோ விரும்பினால் எந்த நாளும் கிளம்பி வரலாம். மடமும் திருப்பி அனுப்பலாம். இதைப் பெற்றோர் தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதி பதற்றம் குறையும்.

திருச்சபைச் சட்டப்படி நவதுறவு பன்னிரண்டு மாதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு ஆண்டுக்கு மேல் நீளவும் கூடாது. தேவைப்பட்டால் ஆறு மாதம் வரை கூட்டலாம். அந்தக் கட்டாயமான பன்னிரண்டு மாதத்தில் நவதுறவி பயிற்சி இல்லத்தைவிட்டு மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நவதுறவே செல்லாது. பதினைந்து நாளுக்கு மேல் போனால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். அக்காள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் அனுப்பக்கூட மடம் யோசிப்பது இதனால்தான். ஆகவே குடும்பத்தில் கல்யாணம், அறுபதாம் கல்யாணம் ஏதாவது வருவதாக இருந்தால் அவள் போஸ்டுலன்டாக இருக்கும்போதே தேதியைப் பேசிவிடுவது புத்திசாலித்தனம். முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு நித்திய வார்த்தைப்பாட்டுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு ஆகும். அடைபட்ட மடங்களுக்கு 2018இல் ரோமாபுரி வெளியிட்ட விதிகளின்படி ஆரம்பப் பயிற்சி எல்லாம் சேர்த்து ஒன்பது ஆண்டுக்குக் குறையாது.

நாளும் நேரமும்

மகளிடம் கேட்காதீர்கள், அவளுடைய பயிற்சிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அவளைக் கேட்டால், உங்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாமலும், மேலே போய்க் கேட்கத் தயங்கியும் நடுவில் தவிப்பாள். இரண்டு வாரம் முன்பே பொறுப்புச் சகோதரிக்கு ஒரு வாட்ஸ்அப் போதும்: யார் யார் வருகிறோம், எத்தனை மணிக்கு வரலாம், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், சகோதரிகள் மொத்தம் எத்தனை பேர்.

இனி, சிங்கப்பூர்க்காரர்களுக்கே வரும் சிக்கல் ஒன்று. நமக்கு ஓய்வு கிடைப்பது பள்ளி விடுமுறையில். மார்ச் விடுமுறை பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் விழும். நவம்பர், டிசம்பர் விடுமுறையின் பிற்பகுதியில் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் வந்துவிடும். இந்த இரண்டு காலத்திலும் பல மடங்கள் சந்திப்பு வைப்பதில்லை, அடைபட்ட மடங்கள் குறிப்பாக. சீனப் புத்தாண்டு விடுமுறையையும் நம்ப முடியாது. 2026இல் புத்தாண்டின் இரண்டாம் நாளான பிப்ரவரி 18ஆம் தேதியே தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனாகவும் அமைந்தது. ஈஸ்டர் முடிந்து மே, ஜூன் மாதங்கள்தான் கைகொடுக்கும். ஜூன் விடுமுறைக்கு ஏப்ரலிலேயே கேட்டு வையுங்கள்.

பல வீடுகளில் சந்திப்பு மாதம் ஒரு ஞாயிறு, பிற்பகலில் இருக்கும். மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே மணியை அழுத்துங்கள். "சீக்கிரம் போனால் கொஞ்சம் கூட நேரம் பேசலாம்" என்று இரண்டேகாலுக்கே போய் நின்றால், மதிய ஓய்வில் இருக்கும் ஒரு சகோதரியை எழுப்பிக் கதவைத் திறக்கவைக்கிறீர்கள். மகள் அப்போதும் மூன்று மணிக்குத்தான் வருவாள். மாலை ஜெபத்துக்கு மணி அடித்தால் பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் அவள் எழுந்துவிடுவாள். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே விடைபெற ஆரம்பித்தால் அந்த மணி உங்கள் நெஞ்சில் அடிக்காது.

முதல் சந்திப்புக்கு நாலு பேர் போதும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள். சித்தப்பா குடும்பம், ஞானத்தாய், புளோக்கில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எல்லாரும் அடுத்த முறை வரட்டும். பத்துப் பேர் போனால் மகள் ஆளுக்கு ஐந்து நிமிடம் சிரித்துவிட்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடத் தனியாகப் பேசாமல் உள்ளே போவாள்.

என்ன கொண்டுபோகலாம்?

நீங்கள் கொண்டுபோகும் எதுவும் மகளுக்கு மட்டும் போகாது. பொறுப்புச் சகோதரியிடம் கொடுப்பீர்கள், அவர் பொதுவில் வைப்பார். மகளுக்குப் பிடித்த அதிரசம் அவளுக்கு ஒன்று கிடைத்தால் அதிகம். இது தெரிந்தே கொண்டுபோங்கள், எல்லாருக்கும் போதுமான அளவில் கொண்டுபோங்கள்.

பன்னிரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு கிலோ முறுக்கு, அரை கிலோ மிக்சர், ஒரு கிலோ பட்டர் கேக் தாராளம். ஒரே பெரிய டின்னில் கட்டாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒருமுறை திறந்த டின்னில் முறுக்கு மறுநாளே நமத்துவிடும். கால் கிலோ பொட்டலங்களாகப் பிரித்து, காற்றுப் புகாமல் ஒட்டி, மேலே செய்த தேதியை எழுதுங்கள். கடலை, முந்திரி சேர்த்திருந்தால் அதையும் எழுதுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம். வியட்நாம், பிலிப்பைன்ஸ், சீனச் சகோதரிகளும் இருக்கும் வீடாக இருந்தால் காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேக்காவில் வாங்கிய பப்பாளி, வாழைப்பழம் எந்த மடத்திலும் வீணாகாது.

பிரியாணி அண்டாவுடன் போய் இறங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மதிய உணவு ஏற்கெனவே சமைத்து முடிந்திருக்கும், குளிர்ப்பெட்டியில் இடம் இருக்காது, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. சமைத்துக் கொண்டுபோக ஆசையாக இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லி, அன்றைய சமையலை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் இறைச்சி வேண்டாம்.

மகளுக்கென்று கொடுப்பது அவள் கேட்ட பொருளாக மட்டும் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி, பருத்தி உள்ளாடை, சாதாரணச் செருப்பு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, இவ்வளவுதான். மருந்தை மருந்தகம் கொடுத்த உறையோடு, பெயரும் அளவும் தெரியும்படி கொடுங்கள். குடும்பப் படம் வேண்டுமானால் அச்சிட்ட சிறிய படம் இரண்டு போதும், சட்டம் போட்ட பெரிய படத்துக்கு அவள் அறையில் சுவர் கிடையாது. தங்கம் வேண்டவே வேண்டாம். காதில் கம்மல்கூட இல்லாமல் அவள் வந்து நிற்பதைப் பார்த்ததும் பாட்டி வாயிலிருந்து வரும் முதல் சொல் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். வரும் வழியில் எம்ஆர்டியிலேயே பாட்டிக்குச் சொல்லி வையுங்கள்.

பணம் கொடுக்க விரும்பினால் உறையில் போட்டு மடத்துத் தலைவியிடம் நேரில் கொடுங்கள். கைகுலுக்கும் சாக்கில் ஐம்பது வெள்ளியை மகள் கையில் திணிப்பது அன்பாகத் தோன்றும். அவளுக்கோ அது தலைவலி. ஒன்று அதை ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் ஒளிக்க வேண்டும். சேர்ந்த மூன்றாம் மாதமே ஒளிக்கப் பழக்கிவிடாதீர்கள். "வரதட்சணை எவ்வளவு" என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் அப்பாக்களும் உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை.

காகித வேலை

இதை முதல் சந்திப்பில் பரப்பி உட்கார வேண்டாம். ஆனால் தள்ளிப்போட்டாலும் சிக்கல். மடத்துக்குக் குடிபோனதும் அடையாள அட்டை முகவரியை 28 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சிங்கப்பூரில் எல்லாருக்கும் உள்ள விதி, மகளுக்கும்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அவளைக் கட்டாயக் குடியிருப்பாளராகக் காட்டி வாங்கியிருந்து, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் இன்னும் முடியவில்லை என்றால் வீவகவிடம் உடனே பேசுங்கள். விதவைத் தாயும் மகளும் சேர்ந்து வாங்கிய வீடுகளில் இது வருகிறது.

கடன் இருந்தால் அதைக் கட்டாயம் பேச வேண்டும். தீர்க்க முடியாத கடன் உள்ளவரை நவதுறவில் சேர்க்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. பல்கலைக்கழகப் படிப்புக்கு அப்பாவின் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த பணமும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான். "நம் வீட்டுப் பணம்தானே" என்று கணக்கில் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு பாக்கி, யார் கட்டப்போகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுங்கள், அவள் பொறுப்புச் சகோதரியிடம் காட்டிக்கொள்வாள்.

வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூட வேண்டியதில்லை. இப்போதைக்கு அவள் சொத்து அவளுடையதுதான். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைப்பாள். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் உயில் எழுதுவாள். சேமநிதிப் பணம் உயிலில் அடங்காது, அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும்.

இதிலெல்லாம் எதிர்பாராமல் முட்டுக்கட்டை போடுவது சிங்பாஸ், அதாவது அரசு இணையச் சேவைகளுக்குள் நுழையும் மின்னடையாளம். கைப்பேசியை ஒப்படைத்துவிட்ட மகளால் எதற்குள்ளும் நுழைய முடியாது. அவளுடைய சிங்பாஸை நீங்கள் பயன்படுத்துவதும் கூடாது. செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டு, ஒரு நாள் அரை மணி நேரம் அவளுக்குக் கைப்பேசியைக் கொடுக்கும்படி பொறுப்புச் சகோதரியிடம் கேளுங்கள். காரணம் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

உள்ளே போனதும்

தோளும் முழங்காலும் மூடிய சாதாரண உடை போதும், பட்டுச்சேலை தேவையில்லை. கைப்பேசியை ஒலியடக்கி வையுங்கள். கதவைத் திறப்பவர் வயதான சகோதரியாக இருந்தால், "இயேசுவுக்கே புகழ், சிஸ்டர்" என்றால் தமிழ் தெரிந்தவர் முகம் மலரும். தெரியாதவருக்கு ஒரு குட் ஆஃப்டர்நூன் போதும். யாருடைய பெற்றோர் என்று சொல்லுங்கள். முதலில் சிற்றாலயத்துக்கு அழைத்துப்போனால் இரண்டு நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் இந்துக் குடும்பமாக இருந்து, மகள் மட்டும் ஞானஸ்நானம் பெற்றுச் சேர்ந்திருக்கலாம். நெற்றியில் திருநீறோடு போவதில் எந்தத் தவறும் இல்லை, யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பூசை நேரமாக இருந்தால் மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்காருங்கள். நற்கருணை வாங்கும் வரிசையில் மட்டும் அப்பத்துக்குக் கை நீட்டாதீர்கள். உட்கார்ந்தே இருக்கலாம், அல்லது கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் ஃபாதர் ஆசீர்வாதம் கொடுத்து அனுப்புவார். கோயில் பிரசாதத்தை மடத்தில் எல்லாருக்கும் நீட்டிச் சங்கடப்படுத்த வேண்டாம்.

மகள் வரும்போது மெலிந்திருப்பாள். விடியுமுன் எழுவது, நேரத்துக்குச் சாப்பாடு, நொறுக்குத்தீனி இல்லாதது, நாள் முழுக்க நின்று வேலை செய்வது என்று எல்லாம் சேர்ந்தால் முதல் மாதங்களில் இளைக்கத்தான் செய்யும். "சோறு போடுகிறார்களா இல்லையா" என்று பொறுப்புச் சகோதரி காதுபடக் கேட்காதீர்கள்.

எதைப் பேசுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். "சந்தோஷமாக இருக்கிறாயா?" என்ற கேள்விக்கு அவளால் "ஆமாம்மா" என்று மட்டும்தான் சொல்ல முடியும். அத்துடன் பேச்சு நின்றுவிடும். சின்னதாகக் கேளுங்கள். காலையில் மணி அடிப்பது யார்? இந்த வாரம் உனக்குச் சமையலறையா, துணி துவைப்பதா? பக்கத்தில் உட்காருபவர் எந்த நாட்டுக்காரர்? ஆங்கிலச் சங்கீதத்தை ராகமாகப் பாட வருகிறதா? இப்படிக் கேட்டால் பத்து நிமிடத்தில் அவள் தானாகவே பேச ஆரம்பிப்பாள். கஷ்டமாக இருப்பதும் அப்போதுதான் நடுவில் வந்து விழும். அது விழும்போது உடனே அறிவுரையோ "அப்படியென்றால் வந்துவிடு" என்ற அழைப்போ வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்.

வீட்டுச் செய்தியை மறைக்காதீர்கள். தாத்தா மருத்துவமனையில் இருந்தால் இருக்கிறார் என்று சொல்லுங்கள். பிறகு வேறு வழியில் தெரியவந்தால் அவள் இரவெல்லாம் தூங்கமாட்டாள். ஆனால் "நீ போனதிலிருந்துதான் அவருக்கு இப்படி" என்ற ஒரு வாக்கியத்தை எந்த வடிவத்திலும் சொல்லக்கூடாது. அத்தை மகள் கல்யாணச் செய்தியைச் சொல்லலாம், பெருமூச்சோடு சொல்லக்கூடாது. அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், மடத்தில் யாருக்கும் அது புதிதில்லை. விடைபெறும் கடைசி நிமிடத்துக்கு மட்டும் அதைச் சேமித்து வைக்காதீர்கள்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். எடுத்தாலும் ஃபேஸ்புக்கில் போட வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் யோசித்துப் போடுங்கள். நாளை அவள் தானாகவே வெளியே வந்தால் அந்தப் படத்தை வைத்து ஊர் கேள்வி கேட்கும்.

எது சாதாரணம், எது இல்லை

கைப்பேசி இல்லாதது, மாதம் ஒரு அழைப்பு, வீட்டு ஏக்கம், முதல் முறை கண்ணீர், இவை எல்லா மடத்திலும் உண்டு. உங்களோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க விடாதது, உடம்பு சரியில்லாதபோது மருத்துவரிடம் காட்டாதது, கிளம்ப விரும்புகிறேன் என்று அவள் சொன்ன பிறகும் அடையாள அட்டையையோ பாஸ்போர்ட்டையோ கொடுக்காதது, இவை எதுவும் துறவு வாழ்க்கையின் பகுதி இல்லை. முதலில் தலைவியிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் பங்குத்தந்தையிடமும் உயர்மறைமாவட்ட (பேராயர்) அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். குற்றமாகத் தோன்றினால் போலீசுக்குப் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பயிற்சி வீடு தமிழ்நாட்டில் இருந்தால்

சில சபைகள் பெண்களைப் பயிற்சிக்குத் திருச்சி, மதுரைப் பக்கம் அனுப்புகின்றன. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்காரர்கள் இந்திய இ-விசாவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மடத்திலேயே தங்கச் சொன்னால், வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை வந்த 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு வரும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா இரண்டின் நகலையும் இங்கேயே இரண்டிரண்டு எடுத்துக்கொண்டு, போனவுடன் கொடுத்துவிடுங்கள். நகல் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் ஜெராக்ஸ் கடை தேடி ஒரு சகோதரி ஸ்கூட்டரில் அலைய வேண்டிவரும்.

இரவு விமானத்தில் இறங்கினால் நேராக மடத்துக்குப் போகாதீர்கள். இரவு ஜெபம் முடிந்ததும் அங்கே பெருமௌனம் தொடங்கிவிடும், பேச்சே இருக்காது. அன்றிரவு ஊரில் ஒரு விடுதியில் தங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் சொன்ன நேரத்துக்குப் போங்கள். மைலோ பொட்டலமும் கோடாலித் தைலமும் அங்கேயும் எடுபடும்.